கார் பென்டிரைவில் பாட்டு வரிசை குழம்புதா? பாட்டு சேகரிப்பை ஒழுங்கா, பத்திரமா வைக்கிறது எப்படி? - முழு விளக்கம்

பென்டிரைவ் முழுக்க பாட்டு இருக்கு. ஆனா காரில் செருகினா, கேட்க நினைச்ச பாட்டு மட்டும் கைக்கு வராது. ஒரே படத்தின் பாட்டுகள் நாலு இடத்தில் சிதறிக் கிடக்கும். பாடகர் பெயர் வர வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு வெப்சைட் பெயர் ஓடும். தமிழில் எழுதி வைத்த பெயர் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். வீட்டுக் கம்ப்யூட்டரில் பார்த்தால் எல்லாமே சரியாக இருக்கிறது. காரில் மட்டும் ஏன் இப்படி?

ஸ்டீரியோ கோளாறு என்றோ, பென்டிரைவ் மட்டமான சரக்கு என்றோ பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலான நேரங்களில் இரண்டுமே காரணம் இல்லை. கம்ப்யூட்டர் ஒரு ஃபைலைப் பார்க்கும் விதம் வேறு, கார் ஸ்டீரியோ பார்க்கும் விதம் வேறு. அந்த வித்தியாசம் புரிந்துவிட்டால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் மொத்த சேகரிப்பையும் சரி செய்துவிடலாம்.

அதைவிட முக்கியமான ஒரு விஷயமும் இதில் இருக்கிறது. பல வீடுகளில், வருடக்கணக்காகச் சேர்த்த பாட்டுகள் அந்த ஒரே ஒரு பென்டிரைவில்தான் இருக்கின்றன. அதுவும் வெயிலில் காயும் காரில்! அது போனால் எல்லாம் போச்சு. எனவே ஒழுங்குபடுத்துவது எப்படி என்பதோடு, காப்பாற்றுவது எப்படி என்பதையும் சேர்த்தே பார்க்கலாம்.

ஆப் இருக்கும்போது பென்டிரைவ் எதுக்கு?

நியாயமான கேள்விதான். போனை காருடன் இணைத்து, ஆப்பில் பாட்டு கேட்பது இன்று சாதாரணம். ஆனால் அதற்கு சிக்னல் வேண்டும். ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும்போதோ, கொல்லிமலையின் 70 வளைவுகளில் திரும்பித் திரும்பிப் போகும்போதோ, சிக்னல் எங்கே வரும், எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

‘ஆப்லயே டவுன்லோடு பண்ணி வச்சுக்கலாமே?’ என்று கேட்கலாம். வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஸ்ட்ரீமிங் ஆப்களில் டவுன்லோடு செய்யும் பாட்டு பூட்டுப் போட்ட பெட்டி மாதிரி. அந்த ஆப்புக்குள் மட்டும்தான் ஓடும். பென்டிரைவுக்கு மாற்ற முடியாது. சந்தா நின்றால் பாட்டும் நின்றுவிடும். ஆப் நிறுவனத்துக்கும் இசை நிறுவனத்துக்கும் இடையே உள்ள உரிம ஒப்பந்தம் முடிந்தால், நேற்று கேட்ட பாட்டு இன்று காணாமல் போகலாம்.

இதை விடுங்கள். ஊர்த் திருவிழாவில் பதிவு செய்த வில்லுப்பாட்டு, தாத்தா காலத்துக் கல்யாண நாதஸ்வரம், பாட்டி பாடிய தாலாட்டு இதெல்லாம் எந்த ஆப்பில் கிடைக்கும்? கேசட்டில் இருந்து மாற்றி வைத்திருக்கும் இந்த மாதிரிப் பதிவுகளுக்கு உலகத்தில் வேறு பிரதியே கிடையாது. சொந்தமாகப் பாட்டு சேகரிப்பு வைத்திருப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

முதல் விதி: அசல் வீட்டில், நகல் காரில்

மற்ற எல்லா டிப்ஸையும் மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள். காரில் இருக்கும் பென்டிரைவ், சேகரிப்பின் நகலாக மட்டுமே இருக்க வேண்டும். தொலைந்தாலும், கெட்டாலும், நண்பர் வாங்கிக்கொண்டு திருப்பித் தராவிட்டாலும், ‘சரி போகட்டும்’ என்று அரை மணி நேரத்தில் இன்னொன்று தயார் செய்யும் நிலையில் நீங்கள் இருக்க வேண்டும்.

அதற்கு வீட்டுக் கம்ப்யூட்டரிலோ, லேப்டாப்பிலோ ஒரு தலைமை ஃபோல்டர் வேண்டும். புதிய பாட்டு எது வந்தாலும் முதலில் அங்கே போகும். பெயர் மாற்றுவது, திருத்துவது எல்லாம் அங்கேதான். அங்கிருந்துதான் காருக்குப் போகும். நேரடியாக பென்டிரைவில் போடுவது, நண்பரின் பென்டிரைவில் இருந்து காரிலேயே மாற்றிக்கொள்வது என்று ஆரம்பித்தால், ஆறே மாதத்தில் எது எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது.

அந்தத் தலைமை ஃபோல்டரும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. கம்ப்யூட்டர் துறையில் ‘3-2-1’ என்று ஒரு எளிய கணக்கு சொல்வார்கள். மொத்தம் 3 பிரதிகள், 2 வெவ்வேறு வகை சாதனங்களில், அதில் 1 வீட்டுக்கு வெளியே. லேப்டாப்பில் ஒன்று, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் ஒன்று, கிளவுடிலோ ஊரில் இருக்கும் தம்பி வீட்டிலோ ஒன்று. வாங்கிய சினிமாப் பாட்டுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால் உங்கள் விருப்பம். பாட்டி குரலுக்குக் கட்டாயம் வேண்டும்.

காருக்குள் பென்டிரைவ் என்ன பாடு படுகிறது?

வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள், வெளியே இருப்பதைவிட 20 டிகிரி செல்சியஸுக்கு மேலேயே வெப்பம் கூடலாம். அதில் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடும். கத்திரி வெயில் நாளில் வெளியே 40 டிகிரி என்றால் உள்ளே 60-ஐத் தொடும். டேஷ்போர்டில் நேரடி வெயில் படும் இடம் அதைவிட அதிகமாகச் சுடும்.

கடைகளில் கிடைக்கும் பல பென்டிரைவ்கள் 60 டிகிரி வரை இயங்கும் என்றுதான் தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். சிலவற்றுக்கு அந்த வரம்பு 45 டிகிரிதான். பென்டிரைவில் உங்கள் பாட்டு மின்னூட்டமாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. வெப்பம் கூடக் கூட அந்த மின்னூட்டம் கசியும் வேகமும் கூடும். ஒரே நாளில் போய்விடாது. ஆனால் கோடை முழுக்க, வருடக்கணக்கில் காரிலேயே கிடந்தால், ஒரு நாள் ‘ஃபைல் படிக்க முடியவில்லை’ என்று வரும். அதுவரைக்கும் எந்த எச்சரிக்கையும் வராமலேகூட இருக்கலாம்.

வண்டியை நிறுத்தும்போது கழற்றி எடுத்துப் போவது நல்லது. முடியாது, மறந்துவிடும் என்றால் பிரச்னை இல்லை. அது நகல்தானே! அசல் வீட்டில் இருக்கிறதே.

பென்டிரைவை எந்த ஃபார்மட்டில் வைப்பது?

செருகியதும் ‘டிவைஸ் நாட் சப்போர்ட்டட்’ என்று வந்தால், முதலில் பார்க்க வேண்டியது இரண்டு விஷயம்.

ஒன்று, செருகிய இடம் சரியா? சில கார்களில் இரண்டு, மூன்று யு.எஸ்.பி துளைகள் இருக்கும். அதில் சில சார்ஜ் ஏற்றுவதற்கு மட்டும். மின்னல் குறியோ, பேட்டரி படமோ இருந்தால் பெரும்பாலும் அது சார்ஜுக்கானது. பாட்டுக்கான துளை எது என்பது காருடன் தந்த கையேட்டில் இருக்கும்.

இரண்டாவது, ஃபைல் சிஸ்டம். பென்டிரைவுக்குள் ஃபைல்களை எப்படி அடுக்கி, எப்படிக் கணக்கு வைப்பது என்ற முறைக்குத்தான் இந்தப் பெயர். ஃபேட்32, எக்ஸ்ஃபேட், என்.டி.எஃப்.எஸ் என்று மூன்று வகைகளை அடிக்கடி பார்க்கலாம். இதில் ஃபேட்32 பழையது. ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடும் அதில் உண்டு. பாட்டு ஃபைலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பழையது என்பதாலேயே கிட்டத்தட்ட எல்லா ஸ்டீரியோவுக்கும் அதைப் படிக்கத் தெரியும். மற்ற இரண்டையும் புதிய கார்கள் சிலவே படிக்கும்.

விண்டோஸில் 32 ஜிபிக்கு மேற்பட்ட பென்டிரைவை ஃபார்மட் செய்யப் போனால், பட்டியலில் ஃபேட்32 வழக்கமாக வராது. எனவே காருக்கென்றே 32 ஜிபி பென்டிரைவ் ஒன்று வாங்கிவிடுவது சுலபம். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது மொத்தமும் அழிந்துவிடும். அசலை வீட்டில் வைத்தாச்சா என்று பார்த்துவிட்டு அப்புறம் பட்டனைத் தொடுங்கள்.

32 ஜிபி போதுமா?

தாராளமாகப் போதும். கணக்கு இதோ. 128 கேபிபிஎஸ் தரத்தில் உள்ள எம்பி3 பாட்டு, நிமிடத்துக்குச் சுமார் 1 எம்பி இடம் எடுக்கும். 5 நிமிடப் பாட்டு கிட்டத்தட்ட 5 எம்பி. அதே பாட்டு 192 கேபிபிஎஸ் என்றால் சுமார் 7 எம்பி. 320 என்றால் 12 எம்பி.

32 ஜிபியில் 320 தரத்தில் சுமார் 2,600 பாட்டு பிடிக்கும். அதாவது 200 மணி நேரத்துக்கு மேல். சென்னையில் இருந்து கன்னியாகுமரிக்குப் பல தடவை போய் வந்தாலும் ஒரு பாட்டு திரும்ப வராது.

எந்தத் தரம் வேண்டும்? என்ஜின் சத்தம், டயர் சத்தம், ஏசி சத்தம், ஹாரன் சத்தம் இத்தனைக்கும் நடுவில், காரோடு வந்த ஸ்பீக்கரில் 192-க்கும் 320-க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். வீட்டு அசலுக்கு இருப்பதிலேயே நல்ல தரத்தை வைத்துக்கொள்ளுங்கள். சொந்த சிடியில் இருந்து எடுத்தால் எஃப்எல்ஏசி வடிவம் சிறந்தது. ஒலியில் எதையும் இழக்காமல், சிடி அளவில் ஏறக்குறைய பாதிக்குச் சுருக்கிவிடும். காருக்கு அதில் இருந்து எம்பி3 எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 128-ல் இருக்கும் பாட்டை மென்பொருளில் போட்டு 320 ஆக மாற்றினால் தரம் கூடாது. ஃபைல் மட்டும்தான் பெருக்கும். சாம்பாரில் தண்ணி ஊத்தி அளவைக் கூட்டுற மாதிரிதான்!

பாட்டை எங்கே இருந்து எடுக்கிறோம் என்பதும் முக்கியம். சொந்தமாக வாங்கிய சிடி, காசு கொடுத்து டவுன்லோடு செய்யும் தளங்கள், வீட்டுக் கேசட் இவைதான் நேர்வழி. இலவசமாக அள்ளித் தரும் திருட்டு வெப்சைட்கள் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி குற்றம் செய்பவை. அவற்றால் வரும் இன்னொரு தலைவலியைக் கீழே பாருங்கள்.

வரிசை ஏன் குழம்புகிறது?

இதுதான் பலரும் கேட்கும் கேள்வி. கம்ப்யூட்டரில் ஃபோல்டரைத் திறந்தால் பாட்டுகள் அகர வரிசையில் தெரிகின்றன. உண்மையில் அவை பென்டிரைவுக்குள் அந்த வரிசையில் இல்லை. உங்களுக்குக் காட்டும்போது கம்ப்யூட்டர் அடுக்கிக் காட்டுகிறது. அவ்வளவுதான்.

ஃபேட்32-ல் எந்த ஃபைல் முதலில் எழுதப்பட்டதோ அதன் பெயர்தான் உள்பட்டியலில் முதலில் நிற்கும். எளிமையான கார் ஸ்டீரியோக்கள் அடுக்கும் வேலையைச் செய்யாமல், அந்த உள்பட்டியலை அப்படியே மேலிருந்து கீழே படிக்கும். நடுவில் ஒரு பாட்டை அழித்துவிட்டு வேறொன்று போட்டால், அது கடைசியில் சேராமல் அந்தக் காலி இடத்திலேயே போய் உட்காரலாம். ஓடுற பஸ்ஸில் நடு சீட்டில் ஒருத்தர் இறங்கினா, அடுத்த ஸ்டாப்பில் ஏறினவர் அங்கேயே உட்கார்வாரே, அதே கதைதான்.

தீர்வு மூன்று:

1. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, நீக்கி என்று போகாமல், மாதத்துக்கு ஒருமுறை பென்டிரைவை முழுதாக அழித்துவிட்டு, தலைமை ஃபோல்டரில் இருந்து ஒவ்வொரு ஃபோல்டராக வரிசைப்படி ஏற்றுங்கள்.

2. உள்பட்டியலையே அகர வரிசையில் மாற்றி எழுதும் இலவச மென்பொருள்கள் உண்டு. விண்டோஸுக்கு ட்ரைவ்சார்ட், லினக்ஸுக்கு ஃபேட்சார்ட். பாட்டு ஏற்றி முடித்ததும் ஒருமுறை ஓட்டினால் போதும்.

3. பாட்டின் பெயருக்கு முன் எண் போடுங்கள். ஆனால் 1, 2, 3 என்று போடாமல் 01, 02, 03 என்று போடுங்கள். இல்லாவிட்டால் 1-க்கு அடுத்து 10, 11 என்று போய், அப்புறம்தான் 2 வரும். நூறைத் தாண்டும் ஃபோல்டர் என்றால் 001.

மேக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு குழப்பம் வரும். ஒவ்வொரு பாட்டும் இரண்டு தடவை தெரியும், அதில் ஒன்று ஓடாது. புள்ளியில் தொடங்கும் பெயருடன் மேக் எழுதி வைக்கும் மறைவு ஃபைல்கள்தான் காரணம். கம்ப்யூட்டர் அவற்றை மறைத்துவிடும். ஸ்டீரியோவுக்கு மறைக்கத் தெரியாது. டெர்மினலில் ‘டாட் கிளீன்’ என்ற கட்டளையைக் கொடுத்து இவற்றை நீக்கலாம்.

டேக் என்றால் என்ன? வெப்சைட் பெயர் ஏன் ஓடுகிறது?

எம்பி3 ஃபைலின் பெயர் ஒன்று. ஃபைலுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும் விவரம் வேறொன்று. பாட்டு, பாடகர், ஆல்பம், வருடம், வரிசை எண், அட்டைப்படம் எல்லாம் அடங்கிய அந்த உள்விவரத்தைத்தான் டேக் என்கிறோம். இதற்கான ஐடி3 முறை 1996-ல் வந்தது. பல ஸ்டீரியோக்கள் திரையில் காட்டுவது ஃபைல் பெயரை அல்ல, இந்த டேக்கைத்தான். நீங்கள் ஃபைல் பெயரை எவ்வளவு அழகாக மாற்றினாலும் காரில் பழைய பெயரே ஓடுவது இதனால்தான். திருட்டு வெப்சைட்கள் விளம்பரத்துக்காகத் தங்கள் பெயரை ஆல்பம், பாடகர் என்று எல்லா இடத்திலும் திணித்துவிடுகின்றன. விளைவு, ஐம்பது படத்துப் பாட்டும் ஒரே ஆல்பமாகக் குவிந்து நிற்கும்.

திருத்த எம்பி3டேக் என்ற மென்பொருள் போதும். நூறு பாட்டைத் தேர்வு செய்து ஒரே நேரத்தில் ஆல்பம் பெயரை மாற்றலாம். ஃபைல் பெயரில் இருந்து டேக்கையும், டேக்கில் இருந்து ஃபைல் பெயரையும் உருவாக்கலாம். என்ன பாட்டு என்றே தெரியாத ஃபைல் இருந்தால், மியூசிக்பிரெய்ன்ஸ் பிகார்ட் என்ற இலவச மென்பொருள் ஒலியை வைத்தே அடையாளம் காண முயலும்.

முதல் ஐடி3 முறையில் பாட்டின் பெயருக்கு 30 எழுத்து இடம்தான் இருந்தது. சில பழைய ஸ்டீரியோக்கள் இன்றும் அதை மட்டும் படிக்கும். நம் பாட்டுகளின் முதல் வரியை ஆங்கில எழுத்தில் அடித்தால் 30-ஐத் தாண்டுவது சகஜம். பெயர் பாதியில் நின்றால் பாட்டின் முதல் இரண்டு, மூன்று சொற்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தமிழ்ப் பாட்டுக்கே உரிய சிக்கல்கள்

டேக் முறையை உருவாக்கியவர்கள் ஒரு பாடகர், ஒரு ஆல்பம் என்ற மேற்கத்திய வழக்கத்தை மனதில் வைத்தே உருவாக்கினார்கள். நமக்குப் பாட்டு என்றால் பெரும்பாலும் சினிமாப் பாட்டு. ஒரு படத்தில் ஐந்து பாட்டு, எட்டு பாடகர்கள், ஒரு இசையமைப்பாளர். ‘ஆர்ட்டிஸ்ட்’ என்ற இடத்தில் யார் பெயரைப் போடுவது?

பாடகர் பெயரைப் போட்டால், ஒரே படம் பல துண்டாக உடையும். அதற்காகவே ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ என்று தனி இடம் இருக்கிறது. அதில் இசையமைப்பாளர் பெயரையும், ‘ஆர்ட்டிஸ்ட்’ இடத்தில் பாடகர்கள் பெயரையும் போடுங்கள். உங்கள் ஸ்டீரியோ ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’டைக் கண்டுகொள்ளவில்லை என்றால், கார் நகலில் மட்டும் ‘ஆர்ட்டிஸ்ட்’ இடத்திலும் இசையமைப்பாளர் பெயரையே போட்டுவிடலாம். அசலில் பாடகர்கள் பெயர் அப்படியே இருக்கட்டும். பின்னால் தேடுவதற்கு அது வேண்டும்.

அடுத்தது எழுத்துக்கூட்டல். இளையராஜா பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் ஒரு ‘ஏ’ போடுவார், இன்னொருவர் இரண்டு போடுவார். ஸ்டீரியோவுக்கு அவர்கள் இரண்டு வேறு ஆட்கள். கே.ஜே.யேசுதாஸ் என்று எழுதினால் ‘கே’ வரிசையில், வெறும் யேசுதாஸ் என்று எழுதினால் வேறு வரிசையில். எஸ்.பி.பி-யின் இனிஷியலுக்குப் பின் புள்ளி வைத்தது தனி, வைக்காதது தனி. எது சரியான எழுத்துக்கூட்டல் என்ற பட்டிமன்றம் வேண்டாம். ஏதாவது ஒன்றை முடிவு செய்து எல்லாப் பாட்டுக்கும் அதையே போடுங்கள்.

மூன்றாவது, ஒரே பெயரில் இரண்டு படங்கள். ‘விக்ரம்’ 1986-ல் வந்தது, இசை இளையராஜா. 2022-ல் வந்ததற்கு இசை அனிருத். ‘பில்லா’ 1980-ல் எம்.எஸ்.விஸ்வநாதன், 2007-ல் யுவன் சங்கர் ராஜா. ஆல்பம் என்ற இடத்தில் வெறும் படப் பெயர் இருந்தால் சில ஸ்டீரியோக்கள் இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஒரே ஆல்பமாகக் காட்டிவிடும். ‘விக்ரம் 1986’, ‘விக்ரம் 2022’ என்று வருடத்தைச் சேர்த்து எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை.

நான்காவது, கட்டம் கட்டமாகத் தெரியும் எழுத்து. ஸ்டீரியோவில் தமிழ் எழுத்துரு இல்லை என்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம். அதை நாம் சேர்க்க முடியாது. கார் நகலில் ஆங்கில எழுத்தில் வையுங்கள். வீட்டு அசலில் தாராளமாகத் தமிழிலேயே இருக்கலாம்.

ஒரு பாட்டு மெல்ல, அடுத்த பாட்டு அலறல்!

1960-களின் பாட்டு மெதுவாக ஒலிக்கும். வால்யூமைக் கூட்டுவோம். அடுத்து ஒரு புதுப் படக் குத்துப்பாட்டு வந்து காதைக் கிழிக்கும். புதிய பாட்டுகள் பதிவின்போதே அதிகச் சத்தத்துடன் தயாரிக்கப்படுகின்றன. பழைய பதிவுகள் அப்படி இல்லை.

எம்பி3கெயின் என்ற மென்பொருள் இதற்கு உதவும். பாட்டை மறுபடி சுருக்காமல், ஒலி அளவைக் குறிக்கும் உள்எண்ணை மட்டும் 1.5 டெசிபல் படிகளாக மாற்றும். தரம் குறையாது, வேண்டாம் என்றால் பழையபடி மாற்றிவிடலாம். 89 டெசிபல் என்பது அதில் முன்னரே அமைத்திருக்கும் அளவு. எல்லாப் பாட்டையும் அதே அளவுக்குக் கொண்டு வந்துவிட்டால், பயணம் முழுக்க வால்யூமைத் தொட வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது. இதையும் கார் நகலில் மட்டும் செய்யுங்கள்.

ஓட்டுபவரின் கண் எங்கே இருக்க வேண்டும்?

இவ்வளவு வேலையும் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் இந்தக் கணக்கில் இருக்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஒரு நொடியில் சுமார் 22 மீட்டர் ஓடும். பாட்டு தேட 3 நொடி திரையைப் பார்த்தால் 66 மீட்டர். ஐந்தாறு பஸ்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் வரும் தூரம். அந்தத் தூரம் முழுக்க நீங்கள் சாலையைப் பார்க்காமலேயே ஓட்டுகிறீர்கள்.

கையில் போனை வைத்துக்கொண்டு ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 184-ன்படி ஆபத்தான ஓட்டுதல். 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் முறைக்கு 6 மாதம் முதல் ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். ஸ்டீரியோ திரையைத் துழாவுவதற்கு இந்தப் பிரிவு நேரடியாகப் பொருந்தாமல் போகலாம். ஆனால் எதிரில் வரும் லாரிக்கு, நீங்கள் போனைப் பார்த்தீர்களா, ஸ்டீரியோவைப் பார்த்தீர்களா என்பதெல்லாம் கணக்கில்லை.

எனவே எந்தப் பாட்டு என்ற முடிவு, வண்டி கிளம்பும் முன்பே எடுத்து முடித்ததாக இருக்க வேண்டும். படம் வாரியாக 300 ஃபோல்டர் வைப்பது வீட்டு அசலுக்குச் சரி. காருக்கு அது உதவாது. எட்டுப் பத்து ஃபோல்டர் போதும். எந்த நேரத்தில், யாருடன் போகிறோம் என்பதை வைத்துப் பிரியுங்கள்.

- 01 காலை பக்தி
- 02 ஆபீஸ் போகும் வழி
- 03 ஊருக்குப் போகும் நீண்ட பயணம்
- 04 இரவு மெலடி
- 05 தூக்கம் வராமல் இருக்க
- 06 குழந்தைகள்
- 07 அப்பா, அம்மா கேட்கும் பழைய பாட்டு
- 08 வீட்டுப் பதிவுகள்

ஒரே பாட்டு இரண்டு ஃபோல்டரில் வேண்டும் என்றால் இரண்டிலும் போடுங்கள். இடம்தான் இருக்கிறதே. ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று என்று ஆழமாகப் போகாதீர்கள். கிளம்பும் முன் ஒரு ஃபோல்டரைத் தேர்வு செய்துவிட்டால், அப்புறம் ஸ்டீயரிங்கில் இருக்கும் ‘அடுத்த பாட்டு’ பட்டன் மட்டும் போதும்.

ஒரு ஃபோல்டரில் எத்தனை பாட்டு வைக்கலாம் என்பதற்கும் ஸ்டீரியோக்களில் வரம்பு உண்டு. சிலவற்றில் 255, சிலவற்றில் 999, இன்னும் சிலவற்றில் ஆயிரக்கணக்கில். பின்னால் போட்ட பாட்டுகள் மட்டும் தெரியவில்லை என்றால் இந்த வரம்பைத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபோல்டருக்கு 100 பாட்டு என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான கார்களில் சிக்கல் வராது.

முழுசா ஏற்றும் முன் ஒரு டெஸ்ட்

ஒவ்வொரு ஸ்டீரியோவும் ஒவ்வொரு மாதிரி. 2,000 பாட்டை ஏற்றிவிட்டு அப்புறம் தலையில் கை வைப்பதைவிட, முதலில் பத்தே பத்து பாட்டுடன் ஒரு சோதனை பென்டிரைவ் போடுங்கள்.

- 128, 192, 320 தரங்களில் ஒவ்வொரு எம்பி3, கூடவே ஒரு எஃப்எல்ஏசி. எது ஓடுகிறது, எது ஓடவில்லை?
- தமிழில் பெயர் எழுதிய ஒன்று. எழுத்து தெரிகிறதா, கட்டமா?
- மிக நீளமான பெயருடன் ஒன்று. எங்கே வெட்டுகிறது?
- 01, 02, 03 என்று எண் போட்டு, வேண்டுமென்றே தலைகீழ் வரிசையில் ஏற்றிய மூன்று. 03 முதலில் ஓடினால், உங்கள் ஸ்டீரியோ எழுதிய வரிசையில்தான் படிக்கிறது.
- ஃபைல் பெயரும் டேக்கும் வேறு வேறாக உள்ள ஒன்று. திரையில் எது வருகிறது?

நிறுத்திய காரில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் எல்லா விடையும் கிடைத்துவிடும். அந்த விடைகளை வைத்துத் தயார் செய்யும் பென்டிரைவ் உங்கள் காருக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும்.

பழைய கேசட் இருக்கா? இதை முதலில் செய்யுங்கள்

பரணில் கேசட் கிடந்தால், மேலே சொன்ன எல்லாவற்றையும்விட அவசரமான வேலை அதுதான். காந்த நாடா வருடம் போகப் போகத் தேயும். வெப்பமும் ஈரமும் அதற்குப் பகை. பூஞ்சை பிடித்த நாடாவை ஓட்டினால் சிக்கி அறுந்துவிடும் ஆபத்தும் உண்டு.

நல்ல நிலையில் இருக்கும் ஒரு கேசட் பிளேயர், அதன் ஹெட்போன் துளையில் இருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயர், ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள். இவ்வளவு இருந்தால் வீட்டிலேயே பதிவு செய்யலாம். 60 நிமிடக் கேசட்டுக்கு 60 நிமிடம் ஆகும், வேகப்படுத்த முடியாது. சிடி தரத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 600 எம்பி. எஃப்எல்ஏசி-யில் சேமித்தால் ஏறக்குறைய பாதி. சத்தத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று அசலைத் தொடாதீர்கள். இரைச்சலோடு அப்படியே ஒரு பிரதி வையுங்கள். சுத்தம் செய்வது நகலில்.

பாடியது யார், எந்த ஊர், எந்த வருடம், யார் வீட்டு விசேஷம் என்பதைத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு, டேக்கில் இருக்கும் ‘கமென்ட்’ பகுதியில் எழுதி வையுங்கள். ‘ட்ராக் 07’ என்று கிடக்கும் குரல் யாருடையது என்று இருபது வருடம் கழித்துச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

சுருக்கமாக...

வீட்டில் அசல், குறைந்தது ஒரு பேக்கப். காருக்கு 32 ஜிபி, ஃபேட்32, எம்பி3. டேக் ஒரே மாதிரி, படப் பெயருடன் வருடம். எண் போட்ட எட்டுப் பத்து ஃபோல்டர். மாதம் ஒருமுறை அழித்துவிட்டு வரிசையாக மறுபடி ஏற்றுவது. அவ்ளோதான்.

அடுத்த முறை ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். இப்போது காரில் இருக்கும் பென்டிரைவ் இன்றே தொலைந்தால், அதில் எந்தப் பாட்டு உங்களுக்குத் திரும்பக் கிடைக்காது? அந்தப் பாட்டை முதலில் காப்பி எடுத்துவிட்டு, அப்புறம் சாவியைத் திருப்புங்கள்.